உறைபனி எப்போது முடியும், உருளை எப்போது போடலாம்?

கேள்வி, டிசம்பர் 26
நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் அறுபது சென்ட் நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். சொந்த ஊர் திருப்பூர். விவசாயம் எங்கள் வீட்டில் அப்பா காலத்தோடு விட்டுப்போனது. தை பிறந்ததும் குடும்பத்தோடு மேலே வருகிறேன். செல்போனில் பார்த்தால் ஊட்டியில் இரவு வெப்பநிலை நாலு, ஐந்து டிகிரி என்றுதான் காட்டுகிறது. பூஜ்யத்துக்குப் போகாமல் உறைபனி வராது அல்லவா? பாட்டி "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார். எதற்கும் மாசியையும் விட்டுவிட்டுப் பங்குனியில் உருளைக்கிழங்கு போட்டால் பயமில்லை என்று நினைக்கிறேன். சரிதானே?

டிசம்பர் 27
இரண்டுமே சரியில்லை தம்பி.

வானிலைக்காரர்கள் வெப்பநிலையைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில், நிழல் பெட்டிக்குள் வைத்து அளப்பார்கள். உருளைச் செடி நாலடி உயரத்தில் வளர்வதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் நாலு டிகிரி காட்டும்போது புல்நுனி பூஜ்யத்தைத் தொட்டிருக்கும். அதனால் செல்போனைப் பார்க்காதீர்கள், சாயங்காலம் வானத்தைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் போர்த்திக்கொண்டு தூங்கலாம். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, மரத்தில் இலைகூட அசையவில்லை என்றால் அலாரம் வையுங்கள்.

இன்னொன்று, குளிர்ந்த காற்று கனம். சரிவில் தண்ணீரைப் போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், அவலாஞ்சி என்று உறைபனிச் செய்தியில் பேப்பரில் வரும் பெயர்களைக் கவனியுங்கள், எல்லாம் பள்ளமும் சமவெளியும்தான். தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரம் என்பதற்காக வெள்ளை அங்கேதான் முதலில் விழும் என்றில்லை. எங்களுடையது எமரால்டு பக்கம் ஒண்ணேகால் ஏக்கர். மேலே தேயிலை, நடுவில் காய்கறி, அடியில் ஓடை. ஓடைப் பாத்தி வெளுத்துக் கிடக்கும் காலையில் மேலே தேயிலையில் வெறும் நீர்ப்பனிதான் இருக்கும். நடந்தால் சில நிமிடம்தான், ஆனால் பயிருக்கு அது இரண்டு ஊர்.

உங்கள் அறுபது சென்ட் சரிவிலா, ஓடைக்கரையிலா? அதைச் சொல்லாமல் யாரும் உங்களுக்குத் தேதி சொல்ல முடியாது.

டிசம்பர் 27, இரவு
பங்குனியைப் பற்றிக் காலையில் அவசரமாக எழுதிவிட்டேன், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பங்குனியில் உருளை போடக்கூடாது என்பதில்லை. நிறையப் பேர் போடுகிறார்கள். ஆனால் அது வேறு போகம்.

இங்கே மூன்று போகம். தை, மாசியில் போட்டுத் தண்ணீர் பாய்ச்சி எடுப்பது நீர்போகம். பங்குனி, சித்திரையில் போட்டு மழையை நம்பி வளர்ப்பது கார்போகம். ஆவணி வாக்கில் போடுவது கடைபோகம். உருளை ஏறக்குறைய நாலு மாசப் பயிர். பங்குனியில் போட்டால் ஆடியில் தோண்ட வேண்டும். நடுவில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். இலை காயாமல் ஈரத்திலேயே நின்றால் பின்கருகல் நோய் வரும். ஒரு வாரம் மூடுபனியும் சாரலுமாக இருந்தால் போதும், பச்சையாக இருந்த தோட்டம் கறுத்து நாறும். மருந்தடித்தே கை ஓய்ந்துவிடும்.

ஆக பனிக்குப் பயந்து பங்குனிக்குப் போனால் கருகலிடம் மாட்டிக்கொள்கிறீர்கள். ஓடைத் தண்ணீர் இருந்தால் நீர்போகம் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பாட்டி சொன்ன பழமொழி சமவெளிக்குச் சரி. அது திருப்பூர் மச்சு. இங்கே மாசியிலும் பனி உண்டு, ஆனால் மார்கழிப் பனி வேறு.

டிசம்பர் 30
இன்று காலை ஓடைப் பாத்தி முழுக்க வெள்ளை. பீட்ரூட் இலை ஓரங்களில் ஊசி ஊசியாக நின்றது. முட்டைக்கோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது இதையெல்லாம் கண்டுகொள்ளாது. அவரைக் கொடியில் கடைசியாக நின்ற நாலு இலையும் போய்விட்டது. அவரை இன்னும் நின்றதே என் பேராசைதான்.

கோவையிலிருந்து ஒருவர், வெயில் வருமுன் தண்ணீர் தெளித்தால் போதாதா, ராத்திரி முழுக்க ஸ்பிரிங்க்ளர் ஓட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இரண்டும் வேறு வேறு வேலை. காலையில் தெளிப்பது படிந்த பனியைக் கரைக்க. சுள்ளென்று வெயில் பட்டுச் சட்டென்று உருகினால் இலை பொசுங்கும், மெதுவாக உருகினால் கொஞ்சம் தப்பும். ராத்திரி ஓட்டுவது வேறு கணக்கு. தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது சூட்டை வெளியே விடும், கிராமுக்கு ஏறக்குறைய 80 கலோரி. அந்தச் சூடுதான் இலையைப் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் பிடித்து வைக்கிறது. ஆனால் ஆரம்பித்தால் காலையில் உருகும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் மின்சாரம் போய்விட்டால், நனைந்த இலையிலிருந்து ஈரம் ஆவியாகி இன்னும் குளிரும். ஓட்டாமலே இருந்திருக்கலாம் என்று ஆகும்.

எங்கள் பக்கம் மின்சாரத்தை நம்பி அந்த வேலையில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. காலையில் குழாயைப் பிடிக்கிறோம், அவ்வளவுதான்.

ஜனவரி 4
ஆள் இல்லை. படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை. பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், எல்லோரும் வெள்ளை முண்டு கட்டிக்கொண்டு பேரகணிக்குக் கிளம்பிவிட்டார்கள். பனி ஊசியாகக் குத்துகிற வேளையில் வெறுங்காலோடு நடப்பார்கள். பக்கத்து வீட்டு ஹெத்தெயிடம், அதாவது பாட்டியிடம், கால் விறைக்காதா என்று கேட்டால், "நடந்தா விறைக்காது, நின்னாத்தான் விறைக்கும்" என்கிறார்.

புதிதாக வருகிறவர்கள் கவனிக்க: இந்த வாரத்தையும் பொங்கல் வாரத்தையும் நடவுக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். மார்கழி கடைசியில் மண்ணைக் கொத்தி எரு போட்டு வைத்துவிட்டால் தை பிறந்ததும் திண்டாட வேண்டாம்.

ஜனவரி 9
கேள்வி கேட்ட தம்பி தனியாக ஒரு சேதி அனுப்பியிருந்தார். குத்தகை வீட்டில் குளிர் தாங்கவில்லையாம், இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி போட்டு ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

வைக்காதீர்கள். கதவைச் சாத்திய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. இருமலே வராது. தூக்கம் வரும், பிறகு எழுந்திருக்க முடியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படிச் செத்தவர்களின் செய்தி குளிர்காலத்தில் வருவதுதான். புகை இல்லாத கரிதானே என்று நினைப்பதுதான் ஆபத்து. தீ காய வேண்டுமானால் வாசலில் காய்ந்துவிட்டு உள்ளே வந்து படுங்கள். குழந்தைகளுக்குக் கம்பளிக் காலுறை, நமக்கு வெந்நீர்ப் பை. தரையில் படுக்காதீர்கள்.

ஜனவரி 13
கேரட் எடுத்தாகிவிட்டது. பொங்கலுக்கு மண்டி மூடுவதற்குள் சரக்கை இறக்க வேண்டும் என்று ஊரே ஒரே நேரத்தில் தோண்டுகிறது. ராத்திரியில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிடுங்குவது, விடியுமுன் கழுவும் இயந்திரத்துக்கு அனுப்புவது, அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டி. ஐந்து டிகிரியில் ஈர மண்ணில் கைவிட்டுப் பிடுங்கும் பெண்களுக்கு ஒரு வணக்கம். விலை எழுத மாட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது மாறியிருக்கும், எனக்கும் வயிற்றெரிச்சல் மிச்சம்.

தோகை பாதி கருகிவிட்டது. கிழங்குக்கு ஒன்றுமில்லை, மண் காப்பாற்றிவிட்டது. சொல்லப்போனால் பனிக்காலக் கேரட்தான் ருசி. குளிர் ஏற ஏறச் செடி தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். உறையாமல் இருக்க அதுதான் அதற்கு வழி. பாத்தியிலிருந்து பிடுங்கி, முந்தானையில் துடைத்துக் கடித்துப் பாருங்கள். சென்னையில் வாங்குகிற கேரட் மேல் கோபம் வரும்.

ஜனவரி 19
உருளை ஊன்றியாகிவிட்டது. ஓடைப் பாத்தியில் அல்ல, அதற்கு மேல் சரிவில் படிபோல் வெட்டிய இரண்டு தட்டில். தம்பி தன் நிலம் சரிவில்தான், கீழ் ஓரம் மட்டும் ஓடை என்று சொல்லிவிட்டார். அதனால் இப்போது பதில் சொல்லலாம்.

எல்லோரும் கேட்பது, "பனி முடிந்ததும் போடலாமா?" பனி முடியக் காத்திருக்க வேண்டாம். ஊன்றிய கிழங்கு இந்தக் குளிரில் முளைத்து மண்ணுக்கு மேலே தலைகாட்ட மூன்று வாரம், சில சமயம் இன்னும் சில நாள் ஆகும். அதுவரை அது மண்ணுக்குள் பத்திரம். முளை வெளியே வரும் தேதிதான் முக்கியம், ஊன்றும் தேதி இல்லை. தை முதல் வாரத்தில் ஊன்றினால் மாசி பிறக்கும்போது தலைகாட்டும். அதற்குள் மார்கழியின் கடும் பனி போயிருக்கும். வந்தாலும் ஒன்றிரண்டு நாள், மூடிச் சமாளிக்கலாம்.

சரி, இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போட்டால் அந்த ஒன்றிரண்டு நாள் பயமும் இல்லையே என்பீர்கள். அப்போது தண்ணீர் இருக்காது. இதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இன்று முதுகு விட்டுப்போய்விட்டது.

விதை பற்றி மட்டும். முளை விட்ட, முட்டை அளவுக் கிழங்காக எடுங்கள், நாற்பது ஐம்பது கிராம். ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேலேயே விதை வேண்டும். செலவில் பெரும்பங்கு இதுதான். குஃப்ரி ஜோதி எல்லோரும் போடுகிற ரகம். உங்கள் நிலத்தில் முட்டைக்கூடு நூற்புழு இருக்கிறதா என்று முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். அந்தப் புழுவை இந்த மலையில் 1961ல் கண்டுபிடித்தார்கள். கடுகளவுகூட இல்லாத கூட்டுக்குள் முட்டைகள் வருஷக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும், உருளையின் வேர் வாசனை கிடைத்ததும் பொரியும். நூற்புழுவைத் தாங்கும் ரகம் குஃப்ரி சுவர்ணா, முத்தொரை உருளை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. எந்த ரகமானாலும் உருளைக்குப் பின் உருளை போடாதீர்கள். கேரட், பூண்டு, கோஸ், பீட்ரூட் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். போன வருஷம் என்ன போட்டீர்கள் என்று குத்தகைக்கு விட்டவரிடம் கேட்டால் "எல்லாம் போட்டோம்" என்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள், அவருக்கு மறைக்க ஒன்றும் இருக்காது.

ஜனவரி 20
இங்கிலாந்தில் அலாட்மென்ட், அதாவது வாடகைக்கு எடுத்த சின்னத் தோட்டத் துண்டு, வைத்திருக்கும் அக்கா ஒருவர் நேற்றைய குறிப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே விதைக்கிழங்கை முட்டை அட்டையில் அடுக்கி ஜன்னலோரம் வைத்து முளை கட்டுவார்களாம். பகல் நீளுவதைப் பார்த்தே வசந்தம் வருவது தெரிந்துவிடும், உங்களுக்கு எப்படி என்று கேட்கிறார்.

எங்களுக்குப் பகல் ஒன்றும் சொல்லாது அக்கா. வருஷத்தின் மிகச் சின்னப் பகலுக்கும் மிகப் பெரிய பகலுக்கும் இங்கே ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். வானமும் ஓடையும்தான் எங்களுக்குக் காலண்டர். முட்டை அட்டை யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு டன்னுக்கு எத்தனை அட்டை வாங்குவது?

பிப்ரவரி 2
கிக்கூயு புல் மொத்தமும் வைக்கோல் நிறம். மாட்டைக் கட்டிப்போட்டாலும் அவிழ்த்துவிட்டாலும் ஒன்றுதான், மேய ஒன்றுமில்லை. பால் பாதியாகிவிட்டது. கோஸின் வெளி இலை, கழித்த கேரட், கொஞ்சம் தீவனம் என்று ஓடுகிறது. பனிக்காலத்துக்குப் புல் சேர்த்து வைக்க வேண்டும் என்று மாமியார் புரட்டாசியிலேயே சொன்னார். புரட்டாசியில் யாருக்குத்தான் பனி ஞாபகம் வரும்?

கோழிகள் முட்டையிடுவதும் குறைந்துவிட்டது. விளக்கு போட்டால் இடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பகல் மிகவும் சுருங்கும் நாடுகளுக்கு அது சரி. இங்கே பகல் அவ்வளவு சுருங்காது. சிறகு உதிர்ப்பதும், தின்பதெல்லாம் உடம்பைச் சூடாக வைக்கவே போவதும்தான் காரணம் என்று நினைக்கிறேன். சாயங்காலம் கொஞ்சம் மக்காச்சோளம் போட்டு, கூட்டைச் சாக்கால் மறைத்தால் கொஞ்சம் தேறும். விளக்கு போட்டால் கரன்ட் பில் மட்டும் முட்டையிடும்.

பிப்ரவரி 11
உருளை தலைகாட்டிவிட்டது. மேல் தட்டில் வரிசையாக, கீழ் தட்டில் அங்கங்கே. நேற்றுச் சாயங்காலம் மழை மேகம் மாதிரி வந்து, ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் வானம் துடைத்துவிட்டது. காற்றும் நின்றது. இந்த மாதிரி மேகம் வந்து ஏமாற்றிக் கலையும் ராத்திரிதான் மோசம். பத்து மணிக்கு டார்ச்சோடு போய்க் கீழ் தட்டில் மிலார் போட்டோம். தெரியாதவர்களுக்கு: மிலார் என்பது காட்டுச் செடியின் கிளைதான். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலாரைக் கூரை மாதிரி நிறுத்தியிருப்பதைக் குளிர்காலத்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தேயிலையில் தாகை என்ற காட்டுச் செடியைப் போட்டு மூடுகிறவர்களும் உண்டு. பிளாஸ்டிக் தாளை இலைமேலேயே போட்டால் தாள் பட்ட இடம் கருகும். குச்சி நட்டு அதன்மேல் போட வேண்டும்.

ஓசூர்க்காரர் ஒருவர், சிவராத்திரி வந்தால் குளிர் "சிவ சிவா" என்று ஓடிவிடும், கவலைப்படாதீர்கள் என்கிறார். ஓசூரில் ஓடும். இங்கே சிவராத்திரிக்குக் கண்விழிக்கிறவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டுதான் விழிக்கிறார்கள்.

பிப்ரவரி 12
தப்பித்தது. ஓரத்தில் மூடாமல் விட்ட சில முளைகள் கறுத்திருக்கின்றன. உருளைக்குக் கண் நிறைய உண்டு, அடியிலிருந்து மறுபடி வரும். தம்பி தோட்டத்தில் பனியே இல்லையாம். சரிவு என்றால் அப்படித்தான். எனக்குப் பொறாமை.

பிப்ரவரி 24
பிளம் மரம் இலை இல்லாமல் முழுக்க வெள்ளைப் பூ. சீகை மரங்கள் மஞ்சளாகிவிட்டன. அவலாஞ்சிப் பக்கம் போனவர்கள் சோலை ஓரத்தில் ரோடோடெண்ட்ரான் சிவப்பாகப் பூத்திருப்பதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பகலில் ஸ்வெட்டர் தேவையில்லை. "நல்லவேளை, பனிக்காலம் முடிந்தது, இனி நிம்மதி" என்று தம்பி எழுதியிருக்கிறார்.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் ஜனவரியில் "பிறகு எழுதுகிறேன்" என்று விட்டு வைத்தேன்.

மலையில் சின்ன நிலம் வைத்திருப்பவருக்குப் பனிக்காலம் பயமுறுத்தும் காலம், கஷ்ட காலம் அல்ல. கஷ்ட காலம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது, பிளம் பூக்கும்போது. மார்கழியில் ஓடை நிறைய இருந்தது, ஐப்பசி கார்த்திகை மழை ஊற்றில் ஊறிக்கொண்டிருந்தது. இப்போது வெயில் நன்றாக இருக்கிறது, ராத்திரி இதமாக இருக்கிறது, செடி மளமளவென்று வளர்கிறது, குடிக்கவும் ஆரம்பிக்கிறது. ஓடையோ வாரத்துக்கு வாரம் இளைக்கிறது. அடுத்த நல்ல மழை சித்திரையை ஒட்டி வரும் கோடை மழைதான். அது முன்னே பின்னே ஆகலாம். ஓடையில் மிச்சமிருக்கும் தண்ணீர் அதுவரை தாங்குமா என்பதுதான் நீர்போகத்தின் மொத்தக் கணக்கு.

பனிக்குப் பயந்து நடவை ஒவ்வொரு வாரம் தள்ளும்போதும், கிழங்கு பருக்கிற வாரங்களில் ஒன்றைக் காய்ந்த ஓடையின் பக்கம் தள்ளுகிறீர்கள். இலையைப் பனி அடித்தால் மறுபடி துளிர்க்கும். கிழங்கு பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றால் கோலிக்குண்டுதான் கிடைக்கும், அதைச் சரிசெய்ய எதுவும் கிடையாது. அதனால்தான் தையிலேயே போடச் சொன்னேன்.

கொடைக்கானல் பூம்பாறை நண்பர் ஒருவர், எங்கள் மலைப்பூண்டுக்கு இந்தக் கவலை குறைவு என்கிறார். உண்மைதான், பூண்டு உருளை அளவுக்குத் தண்ணீர் கேட்காது. ஆனால் பூண்டு விலை ஆடுகிற ஆட்டத்துக்கு ரத்த அழுத்த மாத்திரை சேர்த்து வாங்க வேண்டும்.

மார்ச் 3
புகை வாசனை. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பனியில் கருகிய புல் இந்த வெயிலில் பற்றிக்கொள்ளக் காத்திருக்கிறது. வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டியிருக்கிறார்கள். தோட்டத்துக் குப்பையைக் கொளுத்துகிற புத்திசாலிகள் இந்த இரண்டு மாசம் மட்டுமாவது சும்மா இருக்கவும். மக்கவிடுங்கள்.

காட்டுமாடு வந்துவிட்டது. நேற்று விடியற்காலை ஒரு பெரிய கிடா கோஸ் பாத்தி நடுவில் நின்றது. அதை எப்படி விரட்டுவது? விரட்டக் கூடாது என்பதுதான் பதில். கத்தாமல், பின்னால் நகர்ந்து வீட்டுக்குள் போய், டீ போட்டுக் குடித்துக்கொண்டே நம் கோஸை அது தின்பதைப் பார்க்க வேண்டும். மேலே புல் கருகிவிட்டது, ஓடை வற்றுகிறது, அதுவும்தான் எங்கே போகும்? மாமியார் இந்த நியாயத்தை ஏற்பதாக இல்லை.

மார்ச் 15
ஓடையில் முறை வைத்துவிட்டோம். மேலே இருப்பவர் காலை, நாங்கள் மதியத்துக்கு மேல், கீழே இருப்பவர் ராத்திரி. எழுதி வைத்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது, ஆனால் மீறினால் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

தம்பி இரண்டு குழாய் போட்டு நாள் முழுக்கத் தெளிக்கிறாராம். மதிய வெயிலில் தெளிக்காதீர்கள், பாதி காற்றோடு போய்விடும். சாயங்காலம் பாருக்கு, அதாவது செடி நிற்கும் மண்மேட்டு வரிசைகளுக்கு, நடுவே விடுங்கள். தினமும் மேலாக நனைப்பதைவிட, நாலைந்து நாளுக்கு ஒருமுறை வேர் வரை நனைவது மேல். பாருக்கு நடுவே காய்ந்த புல்லையோ தாகையையோ பரப்பினால் மண் ஈரம் நிற்கும். இலை மஞ்சளாகிறது, உரம் போடட்டுமா என்று கேட்டிருந்தார். காய்ந்த மண்ணில் உரத்தைக் கொட்டினால் செடிக்குத் தண்ணீர் இன்னும் எட்டாமல் போகும். பச்சைக் கோழி எருவும் வேண்டவே வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். ஈரம் வந்தபிறகு பார்க்கலாம்.

மேலே தேயிலையில் செஞ்சிலந்திப் பேன். இலை செம்பு நிறமாகிவிட்டது. இதுவும் வறட்சி கொண்டுவருவதுதான், மழை பெய்தால் பாதி கழுவிக்கொண்டு போய்விடும். அதுவரை பறிக்க ஒன்றுமில்லை. பறித்தாலும் பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்குத்தான் சரியாக இருக்கும்.

மார்ச் 16
"ஹோம்ஸ்டே ஆரம்பித்துவிடுங்கள், விவசாயத்தைவிட லாபம்" என்று யோசனை சொன்னவருக்கு: வாங்க, தங்குங்க. காலை நாலு மணிக்கு எழுப்பிக் குழாயைக் கையில் கொடுப்போம். அதற்குத் தனிக் கட்டணம்.

மார்ச் 29
மண் அணைத்துவிட்டோம். இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். வறண்ட காலத்தில் கிழங்கு அந்துப்பூச்சி வரும், மண் வெடிப்பு வழியாக இறங்கிக் கிழங்கில் முட்டையிடும். பச்சை படாமலும் பூச்சி தொடாமலும் இருக்கக் கிழங்குமேல் நல்ல கனத்துக்கு மண் வேண்டும்.

கொத்துகிற இடமெல்லாம் கூடவே வாலை ஆட்டிக்கொண்டு வரும் மஞ்சள் வயிற்று வாலாட்டியைச் சில நாளாகக் காணவில்லை. அது வடக்கே கிளம்பிவிடும் நேரம்தான். குன்னூர் சாலையில் ஜெகரண்டா நீலமாகப் பூத்துவிட்டதாம். எனக்கு அங்கே போகவே நேரமில்லை, பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னது.

ஏறக்குறைய ஒரு மாசத்துக்கு முன் "கஷ்ட காலம்" என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், அப்படியென்றால் ஏன் இந்த வேலை, விற்றுவிட்டுக் கீழே போகலாமே என்று கேட்டார். கேரட்டுக்கு விலை கிடைத்த வருஷம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ஏப்ரல் 6
மழை! மதியம் மூன்று மணிக்கு இருட்டி, முதலில் ஆலங்கட்டி. மனசு நின்றுவிட்டது, கட்டி இன்னும் கொஞ்ச நேரம் விழுந்திருந்தால் இலை சல்லடைதான். நல்லவேளையாகச் சீக்கிரம் மழையாக மாறிவிட்டது. மாமியார் குண்டானை எல்லாம் எடுத்து வாசலில் வைத்துவிட்டார்.

ஒரு மழை போதாது, ஓடை ஏறாது. ஆனால் உருளைக்கு ஒரு முறைத் தண்ணீர் மிச்சம். இன்னும் இரண்டு மழை இப்படிப் பெய்தால் தேயிலை துளிர்த்துவிடும், கிக்கூயு பச்சையாகிவிடும், மாட்டுக்குத் தீவனச் செலவு குறையும்.

கேத்தியில் பெய்யவே இல்லையாம். கோடை மழை அப்படித்தான், இந்த மேட்டில் பெய்யும், எதிர் மேட்டில் வெயில் அடிக்கும். தம்பி, உங்கள் ஓடை இன்னும் ஓடுகிறது என்றால் பயப்பட வேண்டாம். பாத்திகளைப் பாதியாகப் பிரித்து, நன்றாக நிற்கிற பாதிக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் விட்டால் எதுவும் தேறாது. இதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும்.

ஏப்ரல் 11
கேத்தியிலும் பெய்துவிட்டது என்று தம்பி படம் போட்டிருக்கிறார். படத்தில் இருப்பது உருளைப் பூ, நோய் இல்லை. எல்லாச் செடியும் பூக்காது, பூக்காததால் கிழங்கு குறையாது. ஒரு செடியை மட்டும் ஓரத்தில் கையால் கிளறிப் பாருங்கள், பிடுங்காதீர்கள். தோல் நகத்தில் உரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. வைகாசி பிறந்தபிறகு இலை தானாக மஞ்சளாகிச் சாயும், அப்புறம் தண்ணீரை நிறுத்திச் சில நாள் விட்டுத் தோண்டுங்கள். தோல் முற்றாமல் தோண்டினால் மூட்டையிலேயே உரிந்துவிடும், மண்டியில் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்கள்.

வேலி பற்றிக் கேட்டவர்களுக்கு: சூரிய மின்வேலி என்றால் பேட்டரியில் ஓடும், விட்டு விட்டு அடிக்கும் வகை மட்டும். அதையும் முறையாக அனுமதி வாங்கிப் போடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் இழுப்பது குற்றம், மாடும் சாகும் மனிதரும் சாவார். பயிர் சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுக்கலாம். படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, அன்றைக்கே கொடுங்கள். நாங்கள் கோஸுக்குக் கொடுத்த மனு நடந்துகொண்டிருக்கிறது. கோஸ் எப்போதோ ஜீரணமாகிவிட்டது.

கார்போகத்துக்கு என்ன போடலாம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உருளை தோண்டிய இடத்தில் உருளை மட்டும் வேண்டாம். நாங்கள் கேரட்தான் விதைக்கப் போகிறோம். விதை விலையைக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.